ரெட்டை மஞ்சள் விழுந்தா என்ன பண்ணுவீங்க?

மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஓட்டும் யாரையாவது நிறுத்தி, ‘‘மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்?’’ என்று கேட்டுப் பாருங்கள். (நிறுத்த முடிந்தால்!) சட்டப் புத்தகம் என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். நடைமுறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முறுக்கு! சிவப்பு விழுவதற்குள் தாண்டியாக வேண்டும். பின்னால் வருகிற டவுன் பஸ் அந்த முடிவை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. நீங்கள் சட்டத்தை மதித்து நின்றால், பஸ் உங்களை மதிக்காது.

இந்த ரோட்டு ஆசாமியை அப்படியே தூக்கி ரயில் இன்ஜினில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வைத்துப் பார்த்தாயிற்று. பதறாதீர்கள், கம்ப்யூட்டரில்தான்.

துடியலூரில் நமக்கு வேண்டிய தம்பி ஒருவர் இருக்கிறார். பம்ப் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் செக்‌ஷன். பெயர் வேண்டாம், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பகலெல்லாம் லாரிக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, ராத்திரி சாப்பாடு ஆனதும் 24 பெட்டி எக்ஸ்பிரஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரயில் ஓட்டுவார் என்று பெண் வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய அம்மாவின் கவலை.

விளையாட்டு என்று இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2001-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி ‘ட்ரெய்ன் சிமுலேட்டர்’ என்று ஒன்றை வெளியிட்டது. அடுத்த பதிப்பு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று அறிவித்துவிட்டுக் கைகழுவிவிட்டது. ரயில் பைத்தியங்கள் சும்மா இருப்பார்களா? உலகம் முழுக்க இருந்து கூடி, ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்று சொந்தமாகவே ஒன்றை எழுதினார்கள். 2014-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. இலவசம். நம் ஊர் இன்ஜின்கள், நம் ஊர் நீலப் பெட்டிகள் எல்லாவற்றையும் ரசிகர்களே செய்து சேர்த்திருக்கிறார்கள். செல்போன்காரர்களுக்கு, சென்னையில் இருக்கும் ‘ஹைப்ரோ இன்டராக்டிவ்’ கம்பெனி செய்த ‘இண்டியன் ட்ரெய்ன் சிமுலேட்டர்’ இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டே ரயில் ஓட்டலாம்.

நம் தம்பி ஓப்பன் ரெயில்ஸ் கட்சி. முதல் வாரம் அவர் ஓட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை, பச்சை, பச்சை என்று நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். ரெட்டை மஞ்சள் வந்தது. தம்பி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடுத்தது ஒற்றை மஞ்சள். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பழக்கத்தில் கை தானாக முன்னால் போயிற்று. அடுத்தது சிவப்பு. அப்போதுதான் பிரேக்கைத் தேடினார். வண்டி சிவப்பைத் தாண்டி, முக்கால் வண்டி நீளம் அந்தப் பக்கம் போய், எமர்ஜென்ஸி பிரேக் விழுந்து நின்றது. ‘சிவப்பைத் தாண்டிவிட்டாய், வண்டி கட்டுப்பாட்டில் இல்லை’ என்று கம்ப்யூட்டர் மானத்தை வாங்கியது.

‘‘அதெப்படிங்ணா திடீர்னு செவப்பு வரும்? சொல்லாம கொள்ளாம!’’

‘‘சொல்லித்தான் இருக்கு தம்பி. ரெண்டு தடவை.’’

‘‘ரெட்டை மஞ்சளுங்களா? அதுக்குத்தான் நல்லா உஷாரா இருந்தேன். ரெட்டை மஞ்சள்னா டபுள் ஜாக்கிரதை, ஒத்தை மஞ்சள்னா சிங்கிள் ஜாக்கிரதை. ஒத்தை வந்ததுமே பரவால்லைன்னு விட்டுட்டனுங்க.’’

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது, இல்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ரயில்வேயில் கணக்கு தலைகீழ். ஒற்றை மஞ்சள்தான் கடுமையானது. ரெட்டை மஞ்சள் அதற்கு ஒரு படி கீழே. ஏன் என்பதற்கு அழகான காரணம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் ரோட்டு சிக்னலுக்கும் ரயில் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம். ரோட்டு சிக்னல் தன்னைப் பற்றி மட்டும்தான் பேசும். ‘இங்கே நில்’, ‘இங்கே போ’. அடுத்த சிக்னலில் என்ன கூத்து நடக்கிறது என்று அதற்குக் கவலையில்லை. ரயில் சிக்னல் பெரும்பாலும் அடுத்த சிக்னலைப் பற்றிப் பேசுகிறது. ஒற்றை மஞ்சள் என்றால், ‘என்னைத் தாண்டிப் போ, ஆனால் அடுத்ததில் நிற்கத் தயாராக இரு’. ரெட்டை மஞ்சள் என்றால், ‘அடுத்ததைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராகு’. அதாவது அடுத்தது பெரும்பாலும் ஒற்றை மஞ்சளாக இருக்கும். பச்சை என்றால், கவலையில்லாமல் போ.

ஆபீஸ்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மேனேஜர் ரூம் கதவு சிவப்பு விளக்கு. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற பியூன் முகம் ஒற்றை மஞ்சள். அவர் முகத்தைப் பார்த்துத்தானே லீவ் லெட்டரை நீட்டுவதா, பாக்கெட்டிலேயே வைத்திருப்பதா என்று முடிவு செய்கிறீர்கள்? அதற்கும் முன்னால், சைக்கிள் ஸ்டாண்டில் ‘இன்னிக்கு சார் காலையில எட்டு மணிக்கே வந்துட்டாருங்க’ என்று வாட்ச்மேன் சொல்கிறாரே, அது ரெட்டை மஞ்சள். வாட்ச்மேன் பேச்சையும் பியூன் முகத்தையும் கவனிக்காமல் நேரே கதவைத் தள்ளிக்கொண்டு போனவருக்கு என்ன ஆகும்? தம்பிக்கு ஆனதுதான்.

இத்தனை முன்னெச்சரிக்கை எதற்கு என்றால், ரயிலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். பிடிமானம் கம்மி. அதனால்தான் அவ்வளவு பாரத்தைக் கொஞ்சம் சக்தியில் இழுக்க முடிகிறது. நிறுத்தும்போது அதே சௌகரியம் வினையாகிவிடுகிறது. நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 30 மீட்டர். நானூறு மீட்டர் தூரத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தால், அதை அடைய 13 விநாடி. அதற்குள் 24 பெட்டி எக்ஸ்பிரஸ், அரை கிலோமீட்டர் நீளத்து வண்டி, நிற்காது. ஆகவே ஸ்டேஷனின் வாசலாகிய ‘ஹோம்’ சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ‘டிஸ்டன்ட்’ என்று ஒன்றை நட்டார்கள். வேகமும் பாரமும் கூடக் கூட அந்த ஒரு கிலோமீட்டரும் போதாமல், இரண்டு கிலோமீட்டர் முன்னால் இன்னொரு டிஸ்டன்ட் நட்டார்கள். ரயிலில் சிவப்பு என்பது கண்ணால் பார்த்து நிற்கிற விஷயமே இல்லை. இரண்டு சிக்னல் முன்னாலேயே நிற்க ஆரம்பித்துவிட வேண்டும்.

லூப் லைனுக்குத் திரும்புகிற வண்டிக்கும் முன்கூட்டியே ரெட்டை மஞ்சள் காட்டுவார்கள். அப்புறம் ஹோம் சிக்னலில் ஒற்றை மஞ்சளோடு, ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக வரிசையில் எரியும். ‘இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறேன்’ என்று பொருள். வளைவில் 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் பயணிகளின் காப்பி அவர்கள் மடியில்.

இப்போது விளையாட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். தம்பி ஒரு நாள் ஆர்வக் கோளாறில் சிக்னல் சம்பந்தப்பட்ட ஃபைலைத் திறந்துவிட்டார். உள்ளே ஒவ்வொரு வகை சிக்னலுக்கும் ஒரு குட்டி புரோகிராம். மைக்ரோசாப்ட் காலத்தில் வகுத்த முறைதான், இன்னும் ஓடுகிறது. அந்தப் புரோகிராம் மூன்று கேள்வி கேட்கிறது. ஒன்று, என்னைத் தேடி எந்த வண்டியாவது வருகிறதா? வராவிட்டால் சிவப்பு. இரண்டாவது, எனக்கு அடுத்த துண்டுத் தண்டவாளம் காலியா? காலி இல்லையென்றால் சிவப்பு. மூன்றாவது, வழியில் தடம் மாற்றும் பாயிண்ட் சரியான பக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் சிவப்பு. மூன்றிலும் பாஸ் ஆனால்தான் நாலாவது கேள்வி. அடுத்த சிக்னல் என்ன காட்டுகிறது? அது சிவப்பென்றால் நான் மஞ்சள். அது மஞ்சள் என்றால் நான் ரெட்டை மஞ்சள். அது ரெட்டை மஞ்சளோ பச்சையோ என்றால் நான் பச்சை.

இவ்வளவுதான் சங்கதி. நம் கல்யாணப் பந்தியில் ‘அடுத்த ஆளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சாம்பார் வாளி கடைசி வரை போகுமே, அந்த மாதிரி ஒவ்வொரு சிக்னலும் தனக்கு அடுத்ததைக் கேட்டுத் தன் நிறத்தை முடிவு செய்கிறது. பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு வாளி வருமா வராதா என்பது கடைசி இலையைப் பொறுத்தது.

கவனித்தீர்களா? விளையாட்டில் சும்மா கிடக்கிற சிக்னல் சிவப்பாகவே கிடக்கிறது. பச்சையைச் சம்பாதிக்க வேண்டும். இதை விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நிஜ ரயில்வேயிலிருந்து எடுத்தார்கள். நிஜத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற சிக்னலுக்கு இயல்பு நிலை சிவப்பு.

தண்டவாளம் காலியா இல்லையா என்று விளையாட்டில் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதுதானே வண்டியையே ஓட்டுகிறது. நிஜத்தில் யார் போய்ப் பார்ப்பது? 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். (மறு வருஷம், 1873-ல்தான் மேட்டுப்பாளையத்துக்கே ரயில் வந்தது.) தண்டவாளத்தில் ஒரு துண்டை மின்சார ரீதியில் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது. ஒரு முனையில் சின்ன பேட்டரி. மறு முனையில் ரிலே. ஒரு தண்டவாளம் வழியாகக் கரண்ட் போய், ரிலேயைத் தொட்டு, இன்னொரு தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. ரிலே மேலே தூக்கிப் பிடித்திருக்கும் வரை ‘காலி’. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். கரண்ட் குறுக்கு வழியில் திரும்பிவிட, ரிலேக்குப் பட்டினி. தொப்பென்று விழும். சிக்னல் சிவப்பு.

இதில் பெரிய விஷயம் வண்டியைக் கண்டுபிடிப்பது இல்லை. பேட்டரி செத்தால்? ரிலே விழும், சிவப்பு. ஒயரை எலி கடித்தால்? சிவப்பு. தண்டவாளமே விரிந்து உடைந்தால்? பெரும்பாலும் அதுவும் சிவப்பு. எது கெட்டுப் போனாலும் வண்டி நிற்கும், வேறொன்றும் ஆகாது. சிக்னல் பொய் சொல்லலாம், ஆனால் சொன்னால் சிவப்புப் பொய்தான் சொல்ல வேண்டும் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்திருக்கிறார். நம் வீட்டு ஃப்யூஸ் கட்டையில் செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிற புத்திசாலித்தனத்துக்கு நேர் எதிர்.

இந்த ரிலேக்கள் எங்கேயோ செய்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் போத்தனூரில் தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்பு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ரிலேக்கள் அங்கேயும் தயாராகின்றன. ரேடியோ ரிப்பேர்க் கடையில் பார்க்கிற ரிலே மாதிரி இருக்காது. முக்கியமான தொடுமுனைகளில் ஒரு பக்கம் உலோகம், மறு பக்கம் கரி. இரண்டு பக்கமும் உலோகமாக இருந்தால், என்றைக்காவது தீப்பொறி பறந்து இரண்டும் ஒட்டிக்கொண்டு, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் தொங்கலாம். கரியும் உலோகமும் ஒட்டாது. கோயமுத்தூர்க்காரர்கள் மோட்டார், கிரைண்டர் பற்றி மார்தட்டிக்கொள்வதில் பாதியாவது இதற்குத் தட்டலாம்.

இப்போது ரெட்டை மஞ்சள் ரகசியம். பல்பு என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் ஃப்யூஸ் ஆகும். சிக்னலில் விளக்கே இல்லையென்றால், அதைச் சிவப்பாக மதித்து நிற்க வேண்டும் என்பது விதி. சரி, ரெட்டை மஞ்சளில் ஒரு பல்பு மட்டும் போனால்? டிரைவர் கண்ணுக்கு ஒற்றை மஞ்சள் தெரியும். ஒற்றை மஞ்சள் கடுமையானது என்பதால் அவர் வேகத்தை இன்னும் குறைப்பார். தாமதம், அவ்வளவுதான். தம்பியின் கணக்குப்படி ரெட்டைதான் கடுமை, ஒற்றை ‘பரவால்லை’ என்று வைத்திருந்தால், ஒரு பத்து ரூபாய் பல்பு போனதற்காக ஒரு வண்டி முழு வேகத்தில் போய்ச் சிவப்பில் நின்றிருக்கும். நின்றிருக்குமா?

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘யாருங்ணா இதையெல்லாம் யோசிச்சாங்க?’’ என்றார். அன்றிலிருந்து அவர் ரெட்டை மஞ்சளிலேயே பிரேக்கைத் தொட்டுவிடுகிறார். திரையில் எஃப்-4 தட்டினால், அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம், என்ன நிறம் என்று ஓரத்தில் பட்டியல் வரும். அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். நிஜ டிரைவருக்கு, (இப்போதெல்லாம் லோகோ பைலட் என்றுதான் சொல்ல வேண்டும்), எஃப்-4 கிடையாது. பக்கத்தில் அசிஸ்டென்ட் உண்டு. சிக்னல் தெரிந்ததும் இருவரும் நிறத்தை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ‘டபுள் யெல்லோ!’ ‘டபுள் யெல்லோ!’ ராத்திரி மூன்று மணிக்கு, மழையில், ஐந்து மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து நிறம் கத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். மேல் பெர்த்தில் நீங்கள் தூங்குவது அந்தச் சத்தத்தை நம்பித்தான்.

நடுவில் ஒரு சந்தேகம் தீர்த்துவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற வண்டி வடகோவைக்கு வெளியே நின்றுவிட்டால், பெட்டியில் யாராவது பெரியவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, ‘அவுட்டர்ல போட்டுட்டானுங்க’ என்று தீர்ப்புச் சொல்வார். கை காட்டி மரம் மாதிரி நின்ற பழைய சிக்னல்கள் காலத்தில் ஹோமுக்கு வெளியே ‘அவுட்டர்’ என்று நிஜமாகவே ஒரு சிக்னல் இருந்தது. இப்போதைய கலர் விளக்கு ஏற்பாட்டில் அப்படி ஒரு சிக்னல் இல்லை. நிற்பது ஹோமில்தான். ஆனாலும் பெரியவரைத் திருத்தப் போகாதீர்கள். அவுட்டர் போய்விட்டது, அவுட்டரில் நிற்பது போகவில்லை. காரணம் என்னவென்றால், உள்ளே உங்கள் வண்டிக்குப் பிளாட்பாரமோ, தடமோ காலியாகவில்லை. நிறுத்தி வைத்தவர் மேல் கோபப்படுகிறோம். உள்ளே விட்டிருந்தால் கோபப்பட ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டில் சிவப்பில் நின்று அலுத்துவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. ‘டேப்’ கீயைத் தட்டினால் கன்ட்ரோலரிடம் அனுமதி கேட்டதாக அர்த்தம். சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடையாது என்று பதில் வரும். கிடைத்தால் சிவப்பைத் தாண்டிப் போகலாம். தம்பிக்கு மிகவும் பிடித்த பட்டன் இதுதான். ஆபீஸிலும் ஒன்று வேண்டும் என்கிறார்.

நிஜத்தில் அந்த டேப் கீ எப்படி இருந்தது தெரியுமா? ஒற்றைத் தடங்களில் இரும்புக் குண்டாக இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஜோடி மெஷின். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் மணியடித்துப் பேசிச் சம்மதித்தால் ஒரு மெஷினிலிருந்து ஒரே ஒரு குண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற இன்ஜினுக்கு நீட்டுவார்கள். அந்தக் குண்டு அடுத்த ஸ்டேஷன் மெஷினுக்குள் போகும் வரை இன்னொரு குண்டு வராது. குண்டு உங்கள் கையில் இருந்தால் எதிரே வண்டி கிடையாது. சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பல இடங்களில் அந்த வேலையை, உள்ளே போன அச்சு எத்தனை, வெளியே வந்த அச்சு எத்தனை என்று எண்ணும் கருவிகள் செய்கின்றன.

சிக்னல் கெட்டுப்போய்ச் சிவப்பிலேயே நின்றுவிட்டால் டேப் கீ காகிதமாகிறது. தானியங்கி சிக்னல்கள் உள்ள தடத்தில் விதி இதுதான். சிவப்பில் நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிஷம், ராத்திரியில் இரண்டு நிமிஷம். பிறகு கிளம்பலாம், ஆனால் பகலில் 15 கிலோமீட்டர், ராத்திரியில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. சைக்கிள் முந்திவிடும். அடுத்த சிக்னல் வரை அப்படித்தான். பல சிக்னல்கள் சேர்ந்து கெட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஃபாரம் என்பது முக்கியம்.

2024 ஜூன் 17. மேற்கு வங்காளத்தில் ரங்காபானி ஸ்டேஷனைத் தாண்டி, காலையிலிருந்தே தானியங்கி சிக்னல்கள் கெட்டிருந்தன. கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸுக்கு ஃபாரம் கொடுத்து அனுப்பினார்கள். பின்னால் வந்த சரக்கு ரயிலுக்கும் அதே மாதிரி, சிவப்புகளைத் தாண்டலாம் என்று டி.ஏ. 912 என்ற ஃபாரம். சரக்கு ரயில் வேகமாகப் போய், நின்றிருந்த எக்ஸ்பிரஸின் பின்னால் மோதியது. விசாரித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், அந்தச் சூழ்நிலையில் கொடுத்திருக்க வேண்டியது அந்த ஃபாரமே இல்லை என்றார். டி.டி. 912 என்ற இன்னொரு ஃபாரம் இருக்கிறது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே ஒரு வண்டிதான் என்று உறுதி செய்துகொண்டு கொடுப்பது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். இறந்தவர்களில் சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் ஒருவர். முதல் நாளே தப்பு அவர் மேல் என்று சொல்லியாகிவிட்டது. இல்லை என்று சொல்ல அவர் இல்லை.

விளையாட்டில் சிவப்பைத் தாண்டினால் எமர்ஜென்ஸி பிரேக் தானாக விழுகிறதே, அந்த வசதிக்கு நிஜத்தில் ‘கவச்’ என்று பெயர். நம் நாட்டிலேயே உருவாக்கியதுதான், சில தடங்களில் வந்திருக்கிறது, எல்லாத் தடத்துக்கும் இன்னும் வரவில்லை. இலவச விளையாட்டில் எல்லோருக்கும் உண்டு.

ஆனால் விளையாட்டில் இல்லவே இல்லாத ஒன்று இருக்கிறது. விளையாட்டு சிக்னல் பொய் சொல்லாது. சொல்ல முடியாது. பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும், சிக்னலுக்குத் தெரிந்திருப்பதும் ஒரே கம்ப்யூட்டரின் ஒரே ஞாபகத்தில் இருக்கின்றன. நிஜத்தில் பாயிண்ட் தரையில் இருக்கிறது. சிக்னலுக்குத் தெரிவது, ஒயர் வந்து சொன்ன செய்தி மட்டும். ஒயரை மாற்றிக் கட்டினால் செய்தி மாறிவிடும், தரை மாறாது.

2023 ஜூன் 2, சாயங்காலம். ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹாநகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, மெயின் லைனில் நிற்காமல் போகலாம் என்று பச்சை. பாயிண்ட் லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. எக்ஸ்பிரஸின் வேகம் சுமார் 128 கிலோமீட்டர். 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள். முன்னொரு காலத்தில் சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் இருந்த குறையும், லெவல் கிராசிங் 94-ல் எலெக்ட்ரிக் பேரியர் வேலை நடந்தபோது செய்த தவறும் சேர்ந்து இப்படி ஆயிற்று என்று விசாரணை சொன்னது. லோகோ பைலட் பச்சையைப் பார்த்துத்தான் போனார். பொய் சொன்னால் சிவப்புப் பொய் என்ற அந்த நூற்றைம்பது வருஷ வாக்கு, அன்றைக்குப் பச்சையில் தவறியது. 2024 அக்டோபர் 11-ல் நம் கவரைப்பேட்டையிலும் சிக்னல் மெயின் லைனுக்கு, பாக்மதி எக்ஸ்பிரஸ் போனது லூப் லைனுக்குள், அங்கே நின்ற சரக்கு ரயில் மேல். அங்கே காரணம் வேறு. தண்டவாளத்தின் பாகங்களையே யாரோ கழற்றிவிட்டதாக விசாரணை போயிற்று. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

பஹாநகா பஜாருக்கு நாலு மாசம் முன்னால் இன்னொன்று நடந்தது. 2023 பிப்ரவரி 8. கர்நாடகாவில் மைசூரு டிவிஷனில் ஹொசதுர்கா ரோடு என்ற ஸ்டேஷன். டில்லி போகிற சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்குப் புறப்பட சிக்னல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. பாயிண்ட் தப்பான லைனுக்குத் திரும்பியிருந்தது. லோகோ பைலட் சிக்னலை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தரையையும் பார்த்தார். பிரேக் போட்டு நிறுத்தினார். மறுநாளே அந்த ரயில்வேயின் உயர் அதிகாரி ஒருவர், சிக்னல் ஏற்பாட்டில் பெரிய குறை இருக்கிறது, கவனிக்காவிட்டால் பெரிய விபத்து வரும் என்று கடிதம் எழுதினார்.

வண்டி தப்பான லைனுக்குள் நுழையுமுன் நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் ஹொசதுர்கா ரோடு என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.